சாபமும் வரமும் இல்லாமல்

ராசா, சிரம்பான்.



பறக்கும் தேரும் பேசும் நாகமும் உலவும் மிகைபுனைவில் ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத ஒருவருக்கு ஏன் இடமில்லை என்று இன்றைய வாசகர்கள் எழுத்தாளர்களைக் கேட்கிறார்கள். இதை மேல்நாட்டு மோஸ்தர் என்று ஒதுக்குகிறவர்கள் மகாபாரதத்தை மறந்தவர்கள். நம் கதைகளில் இடம் உண்டு. அது எப்படிப்பட்ட இடம் என்பதுதான் கேள்வி. பெண்ணாகப் பிறந்த சிகண்டி ஒரு யட்சனிடம் ஆண்மையைப் பெறுகிறார். பீஷ்மர் வில்லைத் தாழ்த்த வேண்டும் என்பதற்காக அர்ச்சுனனுக்கு முன்னால் நிறுத்தப்படுகிறார். அவருடைய வஞ்சம்கூட முற்பிறவியான அம்பை என்பவள் விட்டுச்சென்றதே. அர்ச்சுனன் எடுத்த பிருகன்னளை உருவமோ ஊர்வசியின் சாபம். அஞ்ஞாதவாசம் முடிந்ததும் அந்த உருவத்துக்கு வேலையில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் கேட்காத காரணத்தை இவர்களிடம் மட்டும் கதை கேட்கிறது; காரியம் முடிந்ததும் கைவிட்டுவிடுகிறது.

இந்தக் குறையை, கதை கேட்பவர்களே நிரப்பிக்கொண்டதற்குக் கூவாகம் சாட்சி. வியாச பாரதத்தில் அர்ச்சுனனின் மகன் அரவான் எட்டாம் நாள் போரில் அலம்புசனால் கொல்லப்படுகிறான். அவன் களப்பலியானதைத் தமிழ் மரபு சேர்த்தது. பலிக்கு முன் கண்ணன் மோகினியாகி அவனை மணந்த கதையை வாய்மொழியும் கூத்தும் வளர்த்தன. இன்று சித்திரைதோறும் கூவாகத்துக் கூத்தாண்டவர் கோயிலில் திருநங்கையர் தாலி கட்டிக்கொள்வதும், மறுநாள் அதை அறுத்து ஒப்பாரி வைப்பதும் அந்தக் கதையை ஒட்டித்தான். அங்கே அவர்கள் யாருடைய போருக்கும் கேடயமல்ல. காதலும் துக்கமும் அவர்களுடையவை. திருநங்கையரில் பலர் தம்மைப் பெண்ணாகவே கருதுகிறவர்கள். இரண்டிலும் சேராதவர்கள் வேறு. ஆனாலும் இரு சாராருக்கும் கதையில் வேண்டியது ஒன்றே: சொந்தமான ஒரு விருப்பம்.

எழுத்தாளனின் சுதந்திரம் என்னாவது என்று கேட்கலாம். உர்சுலா லெ குவின் 1969இல் வெளியிட்ட 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்' நாவலில், நிலையான பால் இல்லாத மக்களை ஆண்பாலிலேயே குறிப்பிட்டார். வாசகர்கள் குறை சொன்னார்கள். முதலில் அதை நியாயப்படுத்திக் கட்டுரை எழுதியவர், பிற்பாடு அதே கட்டுரைக்கு மறுகுறிப்புகள் சேர்த்து, குறை சொன்னவர்கள் பக்கம் வந்தார். அவரை யாரும் மிரட்டவில்லை, வாதம் செய்தார்கள். இங்கே மலேசியாவிலோ ம. நவீனின் 'பேய்ச்சி' நாவலை உள்துறை அமைச்சு 2020 டிசம்பரில் தடை செய்தது. விமர்சனத்துக்குப் பதில் எழுதலாம், தடைக்கு எழுத முடியாது. ஆனால், இத்தகைய பாத்திரங்கள் எத்தனை என்று தலை எண்ணுவது வாசகர் வேலையல்ல. எண்ணிக்கைக்காகச் சேர்க்கப்படும் பாத்திரமும் இன்னொரு கேடயமே.

கற்பனைக்கு இவ்வளவு வழக்கு ஏன் என்பவர்கள் எங்கள் நெகிரி செம்பிலான் மாநிலத்தைப் பார்க்கட்டும். முஸ்லிம் ஆண்கள் பெண்ணுடை அணிவதைக் குற்றமாக்கிய இம்மாநில ஷரியா சட்டத்தின் 66ஆம் பிரிவு செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014 நவம்பரில் தீர்ப்பளித்தது. 2015 அக்டோபரில் கூட்டரசு நீதிமன்றம், வழக்குத் தொடுக்கப்பட்ட முறை தவறு என்று, அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. உடையே குற்றமாகும் இடத்தில், அந்த உடையில் இருப்பவருக்கும் ஒரு மனம் உண்டு என்று காட்டும் வேலையைக் கதைதான் செய்ய முடியும். எதார்த்த நாவல் அதைத் தொடங்கிவிட்டது: தமிழ்நாட்டில் சு. சமுத்திரத்தின் 'வாடாமல்லி', கோலாலம்பூர் சௌக்கிட்டைக் களமாகக் கொண்ட நவீனின் 'சிகண்டி'. எந்த உலகத்தையும் படைக்கும் உரிமையுள்ள மிகைபுனைவு இவற்றுக்குப் பின்னால் நிற்பது வெட்கம். ஆகவே, வாசகர்களே, உங்களுக்குப் பிடித்த எழுத்தாளரிடம் தாராளமாகக் கேளுங்கள்: சாபமும் வரமும் காரணம் காட்டாமல், தனக்கென்று ஆசையும் கோபமும் உள்ள அப்படிப்பட்ட ஒருவரை எழுதச் சொல்லுங்கள். எழுதியது பிடிக்கவில்லையென்றால் விமர்சனம் எழுதுங்கள். தடை மட்டும் கேட்காதீர்கள்.