இந்தப் பொட்டி கைநாட்டா?

"ஏத்தா, இந்தப் பொட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

என் லேப்டாப்பைப் பார்த்து அப்பத்தா கேட்ட கேள்வி இது. தமிழ்க் கையெழுத்தைப் படிக்கிற புராஜெக்ட் பண்ணிட்டிருந்தேன். 'அ' எழுதிக் காட்டினா, 'அ'னு சொல்லணும். அவ்வளவுதான் மேட்டர். ஆனா, ஒவ்வொரு எழுத்துக்கும் நூத்துக்கணக்கில் மாதிரி காட்டணும். முதல்ல கோடு, அப்புறம் வளைவு, கடைசியா முழு உருவம்னு அடுக்கடுக்கா பழகும். கோடுகளைப் பார்த்ததும் பூனை மூளையின் செல்கள் எப்படித் துடிக்குதுனு ஹ்யூபெல், வீசல் ரெண்டு பேரும் 1959-ல் எழுதினாங்களே, அதுதான் இதுக்கு விதை!

அப்பத்தா கதை வேற. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தப்போ அதுக்கு முப்பத்தஞ்சு வயசு. பகல்ல கல் உடைக்கிற வேலை, ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் ஆனா, ஆவன்னா. அதே சூட்டோட சைக்கிளும் கத்துக்கிச்சு!

அந்த வயசுல மூளை வளையுமா? வளையும். லக்னோ பக்கத்துக் கிராமங்களில் எழுதப் படிக்கத் தெரியாத பெரியவங்களுக்கு ஆறு மாசம் எழுத்துச் சொல்லிக்கொடுத்து, ஸ்கேன் பண்ணிப் பார்த்த ஆய்வு 2017-ல் வந்தது. மூளையின் ஆழத்தில் இருக்கிற தலாமஸ், மூளைத்தண்டு வரைக்கும் மாற்றம் தெரிஞ்சுது.

அதனாலதானோ என்னவோ, ரேஷன் கடையில் விரலை வைக்கச் சொன்னா அப்பத்தா முகம் சுருங்கிடும். "நாந்தான் கைநாட்டை விட்டு எத்தனையோ வருசமாச்சே!"

"எங்க, உன் பேரை எழுது அப்பத்தா"னு பேப்பரை நீட்டினேன். நடுங்கி நடுங்கி எழுதுச்சு. போட்டோ எடுத்துக் கொடுத்தா... ஒரு எழுத்துகூடத் தேறலை! நான் பழக்கினதெல்லாம் என் கிளாஸ் பசங்க கையெழுத்து. கல் உடைச்ச கையை அந்தப் பொட்டி பார்த்ததே இல்லை.

"அப்ப இதுவும் கைநாட்டுதானா? பழக்குனா வந்துரும், விடு"னு ஒரு நோட்டு முழுக்க எழுதிக் கொடுத்துச்சு. நாலு நாள் கழிச்சு, பேரைச் சரியாப் படிச்சது மெஷின். நான் துள்ளிக் குதிச்சேன். அப்பத்தா அசரலை.

"எனக்கெல்லாம் நாலு தடவை சொன்னாப் போதும். இதுக்கு ஒரு நோட்டா?"

புராஜெக்ட் ரிப்போர்ட்டில் 'யார் எழுதினாலும் படிக்கும்'னு ஒரு வரி எழுதி வெச்சிருந்தேன். அன்னிக்கு ராத்திரியே அடிச்சுட்டேன்!