டெப்பட் சத்தம்

மச்சான் கட்டாருக்குப் போகும்போது தனது மோட்டார் சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டுப் போனார். ஜப்பானில் ஓடி முடித்து இங்கு வந்து சேர்ந்த கவாசாகி கே.எல்.எக்ஸ். 250. "சும்மா நிண்டா பழுதாப் போயிரும் மச்சான், ஓடுங்க" என்றார். எங்கள் பாடசாலைக்குப் போகும் கிறவல் பாதைக்கு அது தோதான வண்டிதான். சாரனோடு ஏற முடியாது என்பது மட்டும்தான் குறை.

2022ஆம் ஆண்டின் நடுப்பகுதி. பெற்றோலுக்கு கியூ.ஆர். முறை வந்து, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நான்கு லீற்றர் என்று அளந்து கொடுத்த காலம். அந்த நேரம் பார்த்து வண்டியும் சண்டித்தனம் பண்ணத் தொடங்கியது. காலையில் ஸ்டார்ட் ஆகாது. பட்டனை அழுத்தி அழுத்தி பற்றரி இறங்கிப் போகும். பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தள்ள வேண்டும். ஆனால் ஸ்டார்ட் ஆகிவிட்டால் எஞ்சின் முன்பைவிட அமைதியாக இருந்தது. முன்பெல்லாம் தையல் மெஷினைப் போல 'டிக் டிக்' என்று ஒரு சத்தம் வரும். அது குறைந்ததில் எனக்கு உள்ளூர சந்தோஷம்.

சந்தியில் கராஜ் வைத்திருக்கும் பையனிடம் போனேன். என்னிடம் படித்தவன். எஞ்சின் பக்கமாகக் காதைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டான்.

"சத்தம் இல்லாததுதான் சேர் பிரச்சின. டெப்பட் இறுகிப் பெயித்து."

வால்வின் தலைக்கும் அதை அழுத்துகின்ற கேமுக்கும் இடையில் மயிரிழை இடைவெளி இருக்க வேண்டும். ஓட ஓட வால்வும் அது உட்காருகின்ற இருக்கையும் தேய்ந்து, வால்வு மேல் நோக்கி ஏறுகிறது. இடைவெளி குறைகிறது. சூட்டில் உலோகம் விரியும்போது இருந்த கொஞ்சமும் இல்லாமல் போய், வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். மூடியிருக்கும் நேரத்தில்தான் வால்வு தன் சூட்டை இருக்கைக்குக் கொடுத்து ஆறுகிறது. மூடாத வால்வு எரிந்து போகும். சத்தம் போடுகின்ற வால்வு உயிரோடு இருக்கிறது, சத்தம் போடாததைத்தான் கவனிக்க வேண்டும் என்று அவன் சொல்லித் தந்தான்.

"கராஜில இதத் துறக்கேலா சேர், றோட்டுப் புழுதி உள்ள பெயிரும். ஊட்டயே வச்சிச் செய்வம். இரவைக்கு ஓடாதீங்க. எஞ்சின் நல்லா ஆறினாத்தான் அளக்கலாம்."

மச்சான் வட்ஸ்அப்பில் சேவிஸ் கையேட்டை அனுப்பினார். நான் ஒரு பீலர் கேஜ் வாங்கினேன். விசிறி மட்டையைப் போல விரிகின்ற மெல்லிய இரும்புத் தகடுகள். ஒவ்வொன்றிலும் அதன் தடிப்பு பொறிக்கப்பட்டிருக்கும். சுபஹ் தொழுதுவிட்டு வந்து விறாந்தையில் பாயை விரித்து வேலையைத் தொடங்கினேன். டாங்கைக் கழற்றி, பிளக்கைக் கழற்றி, வால்வு மூடியைத் திறந்தேன். இடது பக்கத்து நட்டில் ஸ்பானரைப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றி, அடையாளத்தை நேருக்குக் கொண்டு வந்தேன். உட்புகு வால்வு இரண்டு, வெளியேற்று வால்வு இரண்டு. கையேட்டின்படி உட்புகு பக்கம் 0.10 முதல் 0.19 மில்லிமீற்றர் வரையும், வெளியேற்று பக்கம் 0.15 முதல் 0.24 வரையும் இருக்க வேண்டும். அளந்து அளந்து அப்பியாசக் கொப்பியில் அட்டவணை போட்டேன். மூன்று வால்வுகள் சரி. இடது வெளியேற்று வால்வில் மட்டும் 0.13 தகடு போனது, 0.15 போகவில்லை.

இதற்கு மேல் கேம் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். எனக்குத் துணிவு வரவில்லை. பையனைக் கூப்பிட்டேன்.

வந்தவன் விறாந்தைப் படியில் நின்றான். "இரு மகன்" என்று நான் சொன்ன பிறகுதான் பாயில் இருந்தான். அந்த நிற்பு எனக்குப் பழைய நிற்பு ஒன்றை ஞாபகப்படுத்தியது.

2008ஆம் ஆண்டு, தரம் 7. தசம எண்கள். 0.3, 0.15 இரண்டில் எது பெரிது என்று கேட்டேன். இவன் எழும்பி 0.15 என்றான். ஏன் என்றதற்கு, "மூணவிட பதினைஞ்சு பெருசுதானே சேர்" என்றான். வகுப்பே சிரித்தது. மூன்று முறை சொல்லிக் கொடுத்தும் அதையே சொன்னான். நக்கலுக்குச் சொல்கிறான் என்று நினைத்து அடித்தேன். பிரம்படி கூடாதென்று 2005ஆம் ஆண்டே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை வந்திருந்தது. அது கோப்புக்குள் இருந்தது, பிரம்பு வகுப்பில் இருந்தது. அதன் பிறகு அவன் என் பாடத்தில் வாய் திறக்கவில்லை. ஆண்டிறுதி அறிக்கையில் 'அமைதியான மாணவன்' என்று என் கையாலேயே எழுதினேன். தரம் 9 முடிய பாடசாலையை விட்டுப் போய்விட்டான்.

அவன் செயினைக் கம்பியால் கட்டி, கீழே எதுவும் விழாதபடி ஓட்டையில் துணியை அடைத்தான். கேம் ஷாஃப்ட் இரண்டையும் கழற்றி, காந்தத்தால் வாளி போன்ற சிறு கிண்ணங்களைத் தூக்கினான். அவற்றின் அடியில் எண்ணெயில் ஒட்டிக் கிடந்தன ஷிம்கள். சட்டைப் பொத்தான் போன்ற உருக்கு வில்லைகள். இறுகிய வால்வில் இருந்தது 2.65. நான் கணக்குப் போட்டேன். 0.05 குறைந்தால் இடைவெளி 0.18 ஆகும். ஆக 2.60 ஷிம் ஒன்று வேண்டும்.

பஞ்சிகாவத்தைக்கு அழைத்தேன். மூன்று கடைகளில் இல்லை. சாமான் வருவதே பெரும்பாடு என்றார்கள். எமரித் தாளில் தேய்த்து மெலிய வைத்தால் என்ன என்று கேட்டேன். "ஒடைஞ்சா எஞ்சினே முடிஞ்சிரும் சேர்" என்றான். கையேட்டிலும் தேய்க்கக் கூடாதென்றுதான் இருந்தது. எஞ்சின் இரண்டு நாள் வெள்ளைத் துணி போர்த்தி விறாந்தையில் கிடந்தது. "மையித்துக் கிடக்கிற மாதிரி கிடக்கு" என்று மனைவி முணுமுணுத்தாள்.

மூன்றாம் நாள் மாலை வந்தவன், "மத்த மூணுலயும் எவ்வளவு சேர் இரிந்த?" என்று கேட்டான்.

"அதெல்லாம் சரி மகன்."

"சரிதான் சேர், கணக்கென்ன?"

கொப்பியைக் கொடுத்தேன். வலது வெளியேற்று வால்வில் 0.22. அதன் ஷிம்மை எடுத்துத் துடைத்து எழுத்தைப் பார்த்தான். 2.60.

"ரெண்டயும் மாத்திப் போடுவம் சேர். இஞ்சால 0.18 வரும், அங்கால 0.17. ரெண்டும் சரி."

கடதாசி இல்லை, பென்சில் இல்லை. இருபது வருடம் கணிதம் கற்பித்த நான் கையில் இருந்த விடையைத் தேடி கொழும்புக்கு அழைத்துக்கொண்டிருந்தேன்.

மாற்றிப் போட்டு, செயின் டென்ஷனரைப் பின்னுக்குத் தள்ளிச் சரிசெய்து பூட்டி, கையால் பல சுற்றுச் சுற்றி மீண்டும் அளந்தோம். 0.15 தகட்டை என்னிடம் தந்து, "இப்ப போட்டுப் பாருங்க" என்றான். தாராளமாகப் போனது. பிறகு தகடுகளை மடித்துக்கொண்டே, என்னைப் பாராமல் சொன்னான்:

"எனக்கு இது விளங்கின இந்தத் தகட்டாலதான் சேர். 0.3 தகடு போகாத இடத்தில 0.15 போச்சி. அண்டைக்குத்தான் நீங்க சொன்ன விளங்கின."

அவன் மறக்கவில்லை.

"அண்டைக்கு நான் அடிச்சது பிழை மகன். என்ன மன்னிச்சிக்க" என்றேன். சொல்வதற்குப் பதினான்கு வருடம் எடுத்திருந்தது.

"பழசு சேர்" என்று எழும்பிக் கைகழுவப் போனான். கூலியை வாங்க மறுத்தான். தேநீர் குடித்துவிட்டு, காசைச் சட்டைப் பையில் நானே வைத்த பிறகுதான் போனான்.

இப்போது தரம் 7இல் தசமம் தொடங்கும் நாளில் அந்த பீலர் கேஜைக் கொண்டு போகிறேன். 0.3 தகட்டையும் 0.15 தகட்டையும் பிள்ளைகளின் கையில் கொடுத்து, கண்ணை மூடித் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன். எது பெரிதென்று அதன் பிறகுதான் கேட்கிறேன். பின் வாங்கில் சத்தமில்லாமல் இருக்கும் பிள்ளையிடம் முதலில் போகிறேன்.

மோட்டார் சைக்கிள் இப்போது முதல் அழுத்திலேயே ஸ்டார்ட் ஆகிறது. 'டிக் டிக்' சத்தமும் திரும்பி வந்திருக்கிறது. "என்ன சத்தம் இது, திருத்தப்படாதா?" என்று மனைவி கேட்கிறாள். இருக்கட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.