பூட்டி வைத்த சீனிப் பேணி

எமது தந்தையார் முப்பது ஆண்டுகள் சங்கக்கடையிலே சீனி நிறுத்துக் கொடுத்தவர். கணக்கின்றி ஒரு சிட்டிகை சீனி எடுத்தாரென்று ஊரில் எவரும் சொன்னதில்லை. அத்தகையவர் எழுபதாம் வயதிலே தம் சொந்த வீட்டில் சீனிக் கள்ளர் எனப் பெயர் எடுத்தார். அப்பெயரைச் சூட்டியோருள் நாமும் ஒருவர்.

பத்து ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு. குளிசையை ஒழுங்காகப் போட்டு, வெறுவயிற்றுச் சீனியை 130 அளவில் வைத்திருந்தார். 2018 ஆம் ஆண்டில் இரத்த அழுத்தமும் கூடியிருக்கக் கண்டு, கிளினிக்கிலே இரண்டு புதிய குளிசைகளை எழுதினார்கள். அழுத்தம் இறங்கிற்று. ஆனால், சில மாதங்களில் சீனி 170 ஐத் தொட்டது. "ஐயா, வாயைக் கட்டவேணும்" என்று கண்டித்து அனுப்பினார்கள்.

"இஞ்சேருங்கோ, கோயிலடியிலை மோதகம் திண்டனீங்களோ?" என்றார் அம்மா.

"சத்தியமாய் இல்லையப்பா."

அம்மா நம்பவில்லை. சீனிப் பேணி அலுமாரிக்குள்ளே போயிற்று. சாவி சேலைத் தலைப்பிலே முடிச்சாயிற்று. நாமோ வகுப்பிலே களவு செய்த மாணவனை விசாரிப்பதுபோல அவரை விசாரித்தோம். அவர் ஒன்றும் பேசாது முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கிளினிக்கிலே நீரிழிவுக் குளிசையின் அளவைக் கூட்டினார்கள்.

ஒரு நாள் விடியற்காலை அவருடைய சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. நெஞ்சு படபடக்கவில்லை, கை நடுங்கவில்லை. வெறும் வியர்வைதான் என்று இருந்துவிட்டோம். பேச்சுக் குழறியபோதுதான் பதறினோம். அயல்வீட்டிலே விடுமுறைக்கு வந்திருந்த தாதி ஓடிவந்து விரலிற் குத்திப் பார்த்தார்: 48. அம்மா நடுங்கும் கைகளால் முடிச்சை அவிழ்த்து, அலுமாரியைத் திறந்து, அந்தச் சீனியையே கரைத்துப் பருக்கினார்.

பின்னர் வேறோர் இளம் வைத்தியர் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, எம்மையும் இருத்தி விளக்கினார். ஒரு குளிசை ஐதரோகுளோரோதயசைட். அது சிறுநீரைக் கூட்டி அழுத்தத்தைக் குறைப்பது. உப்போடு பொற்றாசியத்தையும் வெளியேற்றுவது. இரத்தத்திலே பொற்றாசியம் குறைந்தால் சதையி இன்சுலினைச் சுரப்பதும் குறையும். தந்தையாருக்கும் அது குறைந்தே இருந்தது. மற்றையது அற்றெனோலோல். அதுவும் இன்சுலினின் வேலையைச் சற்றே மந்தமாக்க வல்லது. அதைவிடக் கவனிக்க வேண்டியது இன்னொன்று: சீனி அளவுக்கு மீறி இறங்கும்போது உடல் அடிக்கும் எச்சரிக்கை மணிகளான படபடப்பையும் நடுக்கத்தையும் அது அடக்கிவிடக்கூடும். வியர்வையை மாத்திரம் அடக்காது. நாம் பொருட்படுத்தாதது அந்த ஒன்றைத்தான்!

அப்படியாயின் இம்மருந்துகள் நஞ்சோ என்று சினந்து கேட்டோம். அன்று வைத்தியர் சிரித்தார். பின்னர் நாமே தேடிப் படித்தபோது அச்சிரிப்பின் பொருள் விளங்கிற்று. 1998 இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், நீரிழிவோடு இரத்த அழுத்தமும் உடைய 1,148 பேரைப் பல்லாண்டு கவனித்தார்கள். அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியோரிடையே பக்கவாதம் 44 வீதம் குறைந்தது. அற்றெனோலோல் எடுத்தோருக்கு உடல் நிறை கூடுதலாக ஏறினும், பாதுகாப்பிலே அது கப்டோபிறிலுக்குப் பின்னிற்கவில்லை. 2002 இல் வெளியான அமெரிக்காவின் பேராய்விலே, முன்பு நீரிழிவு இல்லாதோருள் நான்கு ஆண்டுகளின் பின் அதனை அடைந்தோர், தயசைட் வகையைச் சேர்ந்த குளோர்தலிடோன் பிரிவில் 11.6 வீதம்; அம்லோடிப்பின் பிரிவில் 9.8, லிசினோபிறில் பிரிவில் 8.1. இருந்தும் மாரடைப்பைத் தடுப்பதில் அம்மலிவான பழைய குளிசை மற்றிரண்டுக்கும் சளைக்கவில்லை. எனவே அதனை வீசியெறிவது மடமை. அது செய்வதை அறியாது விழுங்குவதும், விழுங்குபவரைக் கள்ளரென்பதும் வேறு வகை மடமைகள்.

மலிவு என்றதும் ஒருவரை நினையாதிருக்க முடியாது. இடதுசாரியான பேராசிரியர் சேனக பிபிலே, வணிகப் பெயர்களின் பகட்டை ஒதுக்கி, மருந்தை அதன் சொந்தப் பெயரால் வாங்கவும் எழுதவும் வேண்டுமென்று போராடியவர். 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது அவர் முயற்சியாலே. எம் தந்தையாரைப் போன்றோர் கையிற் காசின்றி வைத்தியசாலையிலே குளிசை பெறுவதற்குப் பின்னால் அத்தகையோரின் உழைப்பும் இருக்கிறது. ஆயினும் சொந்தப் பெயரும் ஆங்கிலத்திலேதான் எழுதப்படுகிறது; அது என்ன செய்யும் என்பதோ எம்மொழியிலும் எழுதப்படுவதில்லை. நூற்றுக்கணக்கானோர் வரிசையிலே நிற்க, ஒருவருக்கு இரண்டு நிமிடம் ஒதுக்கும் வைத்தியரை மட்டும் குறை கூறிப் பயனென்ன? ஆளும் இடமும் போதாமை யார் வகுத்த வரவு செலவு என்பதை வாசகர் அறிவர். எம்மைக் குறை கூறலாம். ஆண்டுதோறும் வள்ளுவரின் மருந்து அதிகாரத்தை மாணவர்க்கு விளக்கும் நாம், வீட்டிலிருந்த கிளினிக் கொப்பியை ஒரு முறையேனும் திறந்து பார்த்தோமில்லை.

அற்றெனோலோலைச் சடுதியாக நிறுத்தலாகாது என்று கூறி, வைத்தியர் படிப்படியாகக் குறைத்தார். பதிலுக்கு லொசாட்டன் தந்தார். தயசைட்டைப் பாதியாக்கினார்; நீரிழிவுக் குளிசையைப் பழைய அளவுக்கு இறக்கினார். இப்பொழுது சீனி 140 அளவில் நிற்கிறது. கொப்பியின் பின்னட்டையிலே ஒவ்வொரு குளிசைக்கும் நேரே, அது எதைக் கூட்டும், எதைக் குறைக்கும் என்று தமிழில் எழுதிக் கொடுத்தோம். கிளினிக் வரிசையிலே அதனைப் பக்கத்தில் இருப்போருக்கும் வாசித்துக் காட்டுகிறாராம்.

மன்னிப்புக் கேட்க நாம் போனபோது, "அதை விடு தம்பி, கொம்மாவிட்டைச் சொல்லு" என்றார். அம்மா இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை. பேணி மட்டும் குசினித் தட்டுக்குத் திரும்பிவிட்டது.