தறிவீட்டிலிருந்து ஒரு செஃப்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் தறிச் சத்தம் கேட்டால், அடுத்த வீட்டுப் பையன் கேட்டரிங் படித்துக்கொண்டிருக்கிறான். என் அக்கா மகனும் அப்படிப் போனவன்தான். பட்டுப் புடவையில் கோர்வைக் கரை போட இரண்டு பேர் வேண்டும். லீவு நாளெல்லாம் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடா தள்ளியவன் அவன். பிறகு படிப்பு, சென்னை ஹோட்டலில் கமி (கடைநிலைச் சமையல் உதவியாளர்) வேலை, அங்கிருந்து வளைகுடா. தறியை விட்டுப் போகிறானே என்று தெருவில் சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. தறிக்குழியில் காலை விட்டு நாள் முழுக்கக் குனிந்திருக்கும் முதுகை நான் வீட்டிலேயே பார்த்தவன்.

சமையல் இந்த ஊருக்கு அந்நியமான தொழிலும் இல்லை. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்துப் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, மந்தாரை இலை விரித்த மூங்கில் குடலையில் ஊற்றி மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிறார்கள். வெந்துவிட்டது என்று வாசனையிலேயே கண்டுபிடிப்பவரிடம் இங்கே யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

கடல் தாண்டினால் காகிதம்தான் முதலில் பேசும். அந்தக் காகிதத்தின் மதிப்பும் நாட்டுக்கு நாடு மாறும். சிங்கப்பூர் 2023 செப்டம்பரிலிருந்து அங்குள்ள இந்திய உணவகங்கள் நம் சமையற்காரர்களை ஒர்க் பெர்மிட்டில் எடுக்க வழிவிட்டது. பிரிட்டனோ 2025 ஜூலை 22 முதல், வெளியிலிருந்து புதிதாக வரும் செஃப்களுக்குத் திறன் விசாக் கதவைச் சாத்திவிட்டது. நேற்று போனவன் சொன்ன வழி இன்று இருக்கும் என்று நம்பிக் கடன் வாங்கக் கூடாது.

என் கவலை வேறொன்று. 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் அனுமதி வேண்டும். அப்போது ஒப்பந்தத்தைப் பார்ப்பார்கள், காப்பீடு கேட்பார்கள். படித்தவனுக்கு அந்த அனுமதி தேவையில்லை. தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்று சட்டம் நினைக்கிறது. எங்கள் பையன் டிப்ளமோவோடு போனான். ‘செஃப் டி பார்ட்டி’ (ஒரு பிரிவுக்குப் பொறுப்பான செஃப்) என்று வாயால் சொல்லி அனுப்பினார் ஏஜென்ட். அங்கே இறங்கியதும் நீட்டிய தாளில் இருந்தது கமி வேலை, கமி சம்பளம். ஊரில் வாங்கிய கடன் கழுத்தில் இருக்க, கையெழுத்துப் போட்டான். பல மாதம் வெங்காயமும் கோழியும் வெட்டிய பிறகுதான் தவா பக்கமே விட்டார்கள். இன்று அவன் கையால் வார்க்கும் தோசைக்கு அங்கே நல்ல பெயர். அந்தப் பெயர் அவன் உழைப்பால் வந்தது. படிப்பு அவனைக் காக்கவில்லை.

ஆகவே, பிள்ளையை அனுப்பும் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். எந்த அடுப்பில், எத்தனை வருஷம் நின்றான் என்று பழைய ஹோட்டலிடம் எழுதி வாங்குங்கள். பதவி, அடிப்படைச் சம்பளம், வேலை நேரம் மூன்றும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று விமானம் ஏறுமுன் படியுங்கள். ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்பதை மத்திய அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் லட்சத்தில் கேட்டால் கொடுக்காதீர்கள்.