ஏரியலைக் கழற்றிப் பாருங்கள்

பிப்ரவரி 9

காலையில் தங்கை போன் செய்தாள். இடது காதில் வைத்தேன், சத்தமே இல்லை. வலது காதுக்கு மாற்றினால் "அண்ணே, கேக்குதா, கேக்குதா" என்று கத்திக்கொண்டிருக்கிறாள். நேற்று இரவு வரை நன்றாக இருந்த காது. இப்போது அதற்குள் டிரான்ஸ்பார்மர் ஓடுவதுபோல் ஓர் இரைச்சல் மட்டும்.

நரம்பு சார்ந்த திடீர்க் கேட்புக் குறைவு என்றார் மருத்துவர். பெரும்பாலும் காரணம் தெரியாதாம். இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கிவிட வேண்டும். சிலருக்குக் கேட்கும் திறன் திரும்பும், சிலருக்குப் பாதி திரும்பும், சிலருக்குத் திரும்பாது. அவர் சொன்னதில் பாதியை உதட்டசைவைப் பார்த்துத்தான் பிடித்தேன். மறந்துவிடும் என்ற பயத்தில் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 12

மாத்திரை தூக்கத்தைத் தின்கிறது. நள்ளிரவில் ஷெட்டுக்குப் போய், அப்பாவின் ஹெரால்டு காரிலிருந்து ரேடியோவைக் கழற்றி எடுத்தேன். கைக்கு ஒரு வேலை வேண்டும்.

பிப்ரவரி 13

சர்க்கரை 260. அதுவும் மாத்திரையால்தான்.

பிப்ரவரி 17

ஸ்டாண்டர்டு ஹெரால்டு நம் சென்னையிலேயே செய்த கார். 1961இல் தொடங்கி பத்து வருடம் ஓடிய மாடல். உருவம் இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்தது. நான்கு கதவு வைத்தது மட்டும் இந்தியாவில்தான். அப்பாவுடையது நான்கு கதவு. கிளவ் பாக்ஸில் ரேடியோ லைசென்ஸ் புத்தகம் இருந்தது. அந்தக் காலத்தில் பாட்டுக் கேட்கவும் தபால் நிலையத்தில் வருடா வருடம் பணம் கட்ட வேண்டும். ஒவ்வொரு முத்திரைக்குக் கீழேயும் அப்பா பேனாவால் தேதி எழுதி வைத்திருக்கிறார். ஒரு வருடம்கூட விடவில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே இருந்தேன்.

செட் மீடியம் வேவ் மட்டும் எடுக்கும். எல்லாம் ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர். காரில் பாடியோடு சேர்வது பேட்டரியின் பாசிட்டிவ் முனை. மாற்றிக் கொடுத்தால் டிரான்சிஸ்டர்கள் நொடியில் போய்விடும். செட்டின் பின்னால் உள்ள பிளக் எந்தப் பக்கம் செருகியிருக்கிறது என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுத்தேன். டயல் விளக்கு எரிந்தது. ஒலி இல்லை.

பிப்ரவரி 21

ரிச்சி தெருவில் விசாரித்து, ஓய்வுபெற்ற ரேடியோக்காரர் ஒருவரைப் பிடித்தேன். எல்லாரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். செட்டைத் திறந்ததும் ஏஎஃப் 117 டிரான்சிஸ்டர்களைத் தொட்டுக் காட்டினார்.

"தம்பி, இந்த டப்பாவுக்கு உள்பக்கம் வெள்ளீய இழை தானா வளரும். சும்மா வச்சிருந்தாலும் வளரும். வளர்ந்து உள்ள இருக்கிற கம்பியைத் தொட்டா ஷார்ட்."

நான்கு கால்களில் ஒன்று, வெளி டப்பாவை எர்த்தோடு சேர்ப்பது. அந்தக் காலை மட்டும் வெட்டினார். ஷார்ட் அப்படியே இருக்கும், ஆனால் எர்த்துக்குப் போகாது. செட்டுக்கு உயிர் வந்துவிட்டது. காய்ந்துபோன கண்டென்சர்களையும் மாற்றினார். மேசையில் கிடந்த கம்பித் துண்டைச் செருகியதும் சென்னை 720 பேசியது.

"யாரும் ஒண்ணும் பண்ணல தம்பி. அதுவா நடக்கிறது." ஹெரால்டை யார் எப்படி வைத்திருந்தார்கள் என்று நான் கேட்டுக்கொண்டே இருந்ததற்கு அவர் சொன்ன பதில் இது.

பிப்ரவரி 26

காதுப் பரிசோதனையில் முன்னேற்றம் இல்லை. அடுத்தது செவிப்பறை வழியாக ஊசி.

மார்ச் 1

கல்யாண வீடு. பந்தியில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எதிரே உட்கார்ந்தவர் பேச்சுகூட எட்டவில்லை. சிரிக்க வேண்டிய இடம் எது என்று முகங்களைப் பார்த்துச் சிரித்தேன். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். இனி எங்கும் போவதாக இல்லை.

மார்ச் 4

ஏரியல் வேலை. ஹெரால்டில் முன் மட்கார்டும் பானெட்டும் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்து திறக்கும். அதில் ஏரியல் வைக்க முடியாது. அதனால் கண்ணாடிக்கு முன்னால் உள்ள தகட்டில் துளை. அடியில் வரும் பல் வாஷர் வெறும் இரும்பைக் கடித்தால்தான் எர்த் கிடைக்கும். ஐம்பது வருடத் துருவை எமரித் தாளால் தேய்த்து எடுத்தேன்.

720இன் அலைநீளம் 400 மீட்டருக்கு மேல். நம் ஏரியல் ஒரு மீட்டர். அது பிடிக்கும் சமிக்ஞை அவ்வளவு சிறியது. அதையும் கேபிள் குடித்துவிடக் கூடாது. சாதாரண கோஆக்சியல் கேபிளில் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் வரை போய்விடும். காருக்கென்று செய்த கேபிளில் நடுக்கம்பி மெல்லியது, சுற்றிலும் பெரும்பாலும் காற்று. அதைத்தான் போட்டேன். பிறகு ஏரியலை முழுக்க இழுத்துவிட்டு, 1400 பக்கம் தேய்ந்து கேட்கும் ஓசை ஒன்றைப் பிடித்து, டிரிம்மரைத் திருப்பினேன். காதை நம்பவில்லை. ஸ்பீக்கரில் மீட்டர் மாட்டி, ஊசி உச்சிக்கு ஏறிய இடத்தில் நிறுத்தினேன்.

மார்ச் 11

என்ஜின் ஓடும்போது ஒரே இரைச்சல். எது காருடையது, எது என்னுடையது என்று பிரிக்க முடியவில்லை. கோபத்தில் பாய்க்குப் போன் செய்தேன். மாலை ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"முதல்ல ஏரியலைக் கழட்டிப் பாருங்க. இரைச்சல் நின்னா வெளியிலேருந்து வருது. நிக்கலைன்னா உள்ள கம்பி வழியா வருது. ரெண்டுக்கும் வைத்தியம் வேற."

கழற்றினேன். டிக் டிக் என்ற பிளக் ஓசை நின்றது. வேகத்தோடு ஏறும் ஊளை நிற்கவில்லை. அது டைனமோ. அதன் பெரிய முனையில் ஒரு மைக்ரோஃபாரட் கண்டென்சர் வைத்தோம். சின்ன முனையில், அதாவது ஃபீல்டில், வைக்கவே கூடாது என்று பாய் மறுபடி மறுபடி சொன்னார். ஊளை பெருமளவு அடங்கியது.

என்ஜினை நிறுத்தினேன். ரேடியோவையும் நிறுத்தினேன். பாய் ஏதோ கேட்டார், பதில் சொல்லக் கொஞ்ச நேரமாயிற்று.

மார்ச் 12

இரைச்சலோடு தூங்கினேன். விடியும் வரை எழவில்லை.

மார்ச் 20

வண்டலூர் வரை ஓட்டினேன். மனைவி முன்சீட்டில், என் இடது பக்கம். இப்போதெல்லாம் நடக்கும்போது என் வலது பக்கம் வந்துவிடுகிறாள். எப்போது மாறினாள் என்று கவனிக்கவில்லை. காரில் அதற்கு வழியில்லை. ஏதாவது சொல்லவேண்டுமென்றால் என் தோளைத் தொட்டாள், நான் திரும்பினேன். 720இல் செய்தி. தாம்பரத்தில் ஒரு ஹார்ன் அடித்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. அவள் கை நீட்டிக் காட்டினாள்.

பிளக் ஓசை இன்னும் இருக்கிறது. பானெட் கீலில் மட்டும் நிற்கிறது, அதற்குச் சரியான எர்த் இல்லை என்கிறார் பாய். திங்கள் காலை மறுபடியும் காதுப் பரிசோதனை. அதற்குள் பானெட்டுக்கும் சேஸிஸுக்கும் இடையில் பின்னல் கம்பி போட்டுவிட வேண்டும். புதுப்பேட்டையில் கிடைக்கும் என்று சொன்னார்.