சோலைவரியும் மலசலகூடமும்

பின்வளவின் கடைக்கோடியில், பனைகளின் ஓரமாக இருந்தது நம் வீட்டு மலசலகூடம். எழுபதைக் கடந்த அம்மா மாரிகால இரவொன்றில் அவ்வழியே வழுக்கி விழுந்த பின்னரே, படுக்கையறையை ஒட்டி ஒன்று கட்டினோம். ஒழுகிய கூரையின் ஓடுகளையும் அவ்வேளையில் மாற்றினோம். அடுத்த மதிப்பீட்டில் வீட்டின் வருடாந்தப் பெறுமதி உயர்ந்தது, சோலைவரியும் உயர்ந்தது.

வருடாந்தப் பெறுமதி என்பது நாம் செலவிட்ட பணமன்று. வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் நியாயமாக எவ்வளவு கிடைக்கும் என்னும் கணக்கே அது. அதில் சபை விதிக்கும் வீதமே வரி. திருத்தச் செலவை உடையவரே ஏற்பார் என்று கொண்டுதான் அவ்வாடகை கணிக்கப்படுகிறது. ஆகவே உடைந்த ஓட்டை மாற்றுவது வேறு. புதிதாக ஓர் அறையைச் சேர்ப்பது வேறு. முன்னதற்காகப் பெறுமதி உயர நியாயமில்லை. இவ்வேறுபாட்டை அறியாது, வீட்டைத் தொட்டால் வரி ஏறும் என்றஞ்சி, ஒழுக்குக்குச் சட்டி வைத்துப் படுப்போர் நம்மிடையே உளர். அறிவித்தலிற் கண்ட திகதிக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கலாம் என்பதையும் அவர்கள் அறியார். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் நாமே, திகதி கடந்த பின்னர்தான் அந்தச் சிறிய எழுத்துக்களைப் படித்தோம்!

இங்கிலாந்தில் 1696 இல் யன்னல்களை எண்ணி வரி விதித்தார்கள். மக்கள் யன்னல்களைச் செங்கல்லால் அடைத்தார்கள். வீட்டுக்குள் காற்றும் வெளிச்சமும் போயின. 1851 இல்தான் அவ்வரி ஒழிந்தது. ஹென்றி ஜோர்ஜ் என்னும் அமெரிக்கர் 1879 இல் எழுதிய நூலொன்றில், மனிதன் உழைத்து எழுப்பியதை விட்டுவிட்டு நிலத்தின் பெறுமதிக்கே வரி விதியுங்கள் என்று வாதிட்டார்.

அவர் கூற்றின் நியாயம் நம் வேலிக்கு அப்பால் தெரிகிறது. அடுத்த வளவு 1995 இடப்பெயர்வின் பின் பற்றை மண்டிக் கிடக்கிறது. உடையவர்கள் கனடாவில். ஊர்ப் பணத்தில் வீதி செப்பமாயிற்று, விளக்கு வந்தது, பரப்பு விலை ஏறியது. அங்கே எவரும் ஒரு கல்லைத்தானும் எடுத்து வைக்கவில்லை.

வரியே வேண்டாம் என்பது நம் கட்சியன்று. வாய்க்காலும் வீதிவிளக்கும் வானத்திலிருந்து வருவதில்லை. முதியவருக்கும் நோயாளிக்குமாகக் கட்டும் மலசலகூடத்தையேனும் மதிப்பீட்டிலிருந்து விலக்கட்டும் என்பதே நம் கோரிக்கை.

ஆண்டு முழுமைக்குமான வரியைத் தை மாதம் 31 ஆம் திகதிக்கு முன் கட்டினால் நூற்றுக்குப் பத்துக் கழிவுண்டு. கட்டிவிட்டு வந்தோம். தொகையைக் கேட்டறிந்த அம்மா, "உதுக்கும் காசெண்டால் நான் பழைய இடத்துக்கே போயிருப்பனே, தம்பி" என்றார்.