3,500 கிலோவுக்குள் ஒரு வீடு

பிரிட்டனில் ஓட்டுநர் உரிமம் என்பது ஏ.டி.எம். கார்டு அளவில் ஒரு சின்ன அட்டை. முன்பக்கப் புகைப்படத்தைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். எந்த வகை வண்டியை எந்தத் தேதி வரை ஓட்டலாம் என்ற விவரம் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். லண்டனில் வசிக்கும் அந்த யாழ்ப்பாணத்துப் பெரியவருக்கு அந்தப் பின்பக்கத்தில் இருந்த ‘சி1’ என்கிற ஒரு வரியில் தனிப் பெருமை.

1985-ல் ஒற்றைப் பையோடு லண்டனில் வந்து இறங்கியவர் அவர். பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்துக்கொண்டே கார் ஓட்டப் பழகி, 1988-ல் டெஸ்ட் பாஸ் செய்தார். 1997 ஜனவரி 1-ம் தேதிக்கு முன் கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்கு அங்கே ஒரு சலுகை உண்டு. 7,500 கிலோ வரையுள்ள வண்டிகளையும் அவர்கள் தனித் தேர்வு இல்லாமலே ஓட்டலாம். சி1 என்பது அதுதான். அந்தத் தேதிக்குப் பிறகு பாஸ் செய்தவர்களுக்குப் பொதுவாக 3,500 கிலோதான் எல்லை. இது வெறும் வண்டியின் எடை அல்ல. ஆள், சாமான், தண்ணீர், டீசல் எல்லாம் ஏற்றிய பிறகு அந்த வண்டிக்கு அதிகபட்சமாக அனுமதிக்கப்பட்ட எடை.

ஓய்வுபெற்ற பிறகு, 2021-ல் அவர் பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கினார். சினிமா படப்பிடிப்பில் நிற்கும் கேரவன் மாதிரிதான். கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே. அனுமதிக்கப்பட்ட எடை 4,250 கிலோ. மனைவி டெஸ்ட் பாஸ் செய்தது 1999-ல். மகனும் மகளும் அதற்கும் பின்னால். ஆக, அந்த வீட்டில் நான்கு பேரிடம் உரிமம் இருந்தும், அந்த வண்டியின் ஸ்டீயரிங்கைத் தொடும் உரிமை அவர் ஒருவருக்குத்தான். “உங்கள் ஒருத்தராலயும் ஓடேலாது” என்று சிரித்தபடி சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். வேல்ஸ், கார்ன்வால் என்று நான்கு கோடைக்காலம் அப்படியே ஓடிற்று.

70 வயதை நெருங்கியபோது உரிமத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. பிரிட்டனில் 70 வயதோடு எல்லோருடைய உரிமமும் காலாவதியாகும். பிறகு மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். “ஒன்லைன்ல செய்தால் அஞ்சு நிமிச வேலையப்பா” என்று மகன் லேப்டாப்பைத் திறந்தார். மகள்தான் விதிகளைப் படித்துவிட்டு நிறுத்தினாள். ஆன்லைனில் புதுப்பித்தால் கார் ஓட்டும் உரிமை மட்டும் திரும்பி வரும், சி1 போய்விடும். அதையும் தக்கவைக்க வேண்டுமானால் தனி விண்ணப்பம் உண்டு. அதோடு டி4 என்கிற மருத்துவப் படிவத்தையும் இணைக்க வேண்டும். சர்க்கரை, இதயம், நரம்பு எல்லாவற்றையும் ஒரு டாக்டர் பரிசோதித்து எழுத வேண்டும். கண் பகுதியைக் கண் பரிசோதகரும் நிரப்பலாம். அங்கே அரசு மருத்துவம் இலவசம் என்றாலும் இந்தப் பரிசோதனைக்குக் கைக்காசுதான்.

சிக்கல் கண்ணில் இருந்தது. இடது கண்ணில் கிளாக்கோமா. சில வருடங்களாகச் சொட்டு மருந்து விட்டு வருகிறார். எழுத்துகளைப் பிசகாமல் வாசித்தார். ஆனால் சுற்றுப்புறப் பார்வையைச் சோதித்தபோது சில இடங்களில் ஒளிப்புள்ளிகள் அவருக்குத் தெரியவில்லை. “கார் ஓட்ட இந்தப் பார்வை போதும். பெரிய வண்டிக்கு விதி கடுமை, அதற்கு இது போதாது” என்றார் பரிசோதகர்.

வீடு திரும்பிய பிறகு அவர் யாரோடும் பேசவில்லை. கோயிலில் சந்தித்த நண்பர் ஒருவர் வழி சொன்னார். “உங்களைத் தெரியாத வேற இடத்தில போய் எழுதுவியுங்கோ. கண் வருத்தத்தைப் பற்றி மூச்சு விடாதேங்கோ. ஆர் பார்க்கப் போறாங்கள்?” நிரப்பாத படிவம் ஒரு வாரம் ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தில் தொங்கியது.

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது மனைவி மெல்ல ஆரம்பித்தார். “இஞ்சருங்கோ, போன வருசம் வேல்ஸ்ல இடப்பக்கமா வந்த சைக்கிள்காரனை ஆர் முதல்ல கண்டது?”

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“நான்தான் கத்தினனான். பின்னால பேரப்பிள்ளை இருந்தவன்.”

மறுநாள் அவர் படிவத்தைக் கழற்றி மேசை டிராயரில் வைத்தார். காருக்கான உரிமத்தை மட்டும் புதுப்பிக்கச் சொல்லி மகனிடம் சொன்னார். உரிமம் இல்லாத வகை வண்டியை ஓட்டுவது அங்கே குற்றம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸும் கைகொடுக்காது. அதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அவரை அசைத்தது சட்டம் அல்ல, அந்த சைக்கிள்காரன்தான்.

வண்டியை என்ன செய்வது? பிள்ளைகளில் யாராவது சி1 எடுக்கலாம். அதற்கும் மருத்துவப் பரிசோதனை, தற்காலிக உரிமம், தியரி தேர்வு, பெரிய வண்டியில் ஓட்டுத் தேர்வு என்று வரிசையாகப் படிகள் உண்டு. இருவருக்கும் வேலையும் கைக்குழந்தைகளும். வண்டியின் அனுமதி எடையை ஆவணத்தில் 3,500-க்குக் குறைத்துக்கொள்ளும் வழியும் இருக்கிறது. ஆனால் இது காலியாக நின்றாலே அந்த எல்லையைத் தாண்டும் வண்டி. கடைசியில் விற்றுவிட்டு, 3,500 கிலோ வண்டி ஒன்றை வாங்கினார்கள்.

முதல் பயணத்துக்குச் சாமான் ஏற்றி, எடை மேடையில் நிறுத்தினார்கள். 3,620 கிலோ! அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. “இதுக்குள்ள என்னத்தைக் கொண்டுபோறது?”

“85-ல ஒரு பையோட வந்தனீங்கள். இப்ப மூண்டரை டன் போதாதோ?” என்றார் மனைவி.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொன்றாக இறக்கினார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தொட்டியிலிருந்து 80 லிட்டரைத் திறந்துவிட்டார்கள். முகாமில் போய் நிரப்பிக்கொள்ளலாம். சைக்கிள்கள் 40 கிலோ. வெளியே விரிக்கும் கூடாரம் 30 கிலோ. இடியப்ப உரலை மட்டும் மனைவி கையிலேயே வைத்துக்கொண்டார், யாரும் கேட்கத் துணியவில்லை. மறுபடி நிறுத்தினார்கள். 3,470.

பெரிய வண்டி இருந்தவரை அந்தக் குடும்பத்தில் ஒருவர்தான் ஓட்டுநர், மற்றவர்கள் எல்லோரும் பயணிகள். அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் பயணமே இல்லை. தூரப் பயணம் என்றால் மாற்று ஆளும் இல்லை. சின்ன வண்டியை நான்கு பேரும் ஓட்டலாம். சாவி இப்போது அவர் சட்டைப் பையில் இல்லை, வாசல் கதவருகே ஆணியில் தொங்குகிறது.

ஸ்காட்லாந்தின் கிளென்கோ பள்ளத்தாக்கில் நுழைந்தபோது ஸ்டீயரிங்கில் இருந்தது மனைவி. இருபுறமும் மலைகள் எழுந்து நிற்க, அவர் வழக்கம்போல ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் மெதுவா ஓடுமப்பா.”

“ரோட்டை நான் பார்க்கிறன். நீங்கள் மலையைப் பாருங்கோ.”